‘டீமா பண்ணோம்’ சரி... நீங்க என்ன பண்ணீங்க? இன்டர்வியூவில் தடுமாற வைக்கும் கேள்வி

“ப்ராஜெக்ட் சிக்கல்ல மாட்டினப்போ என்ன பண்ணீங்க?” இன்டர்வியூவில் இப்படிக் கேட்டால் பலர் சொல்லும் பதில்: “டீமா உட்கார்ந்து பேசினோம், சரி பண்ணிட்டோம்.” இதில் பொய் இல்லை, அடக்கமும் இருக்கிறது. ஆனால், வேலைக்கு எடுக்கப்போவது டீமை அல்ல, எதிரே இருக்கும் ஒருவரை. அவர் என்ன செய்தார் என்பதுதான் பதிலில் இல்லை.

நடந்த சம்பவங்களைக் கேட்டு, ஒருவர் நாளை எப்படி நடந்துகொள்வார் என்று கணிப்பதே ‘பிஹேவியரல் இன்டர்வியூ’. அமேசான் வெளியிட்டுள்ள 16 தலைமைப் பண்புகளில் ‘ஓனர்ஷிப்’ ஒன்று. ‘அது என் வேலை இல்லை’ என்று ஒதுங்காமல் இருப்பதே அதன் சாரம். இன்னொன்று ‘பயாஸ் ஃபார் ஆக்‌ஷன்’. மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவு என்றால், நீண்ட ஆய்வுக்குக் காத்திருக்காமல் இறங்கிவிடலாம் என்கிறது அது. சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற வரிசையில் பதில் சொல்லும் ‘ஸ்டார்’ முறையையும் அந்நிறுவனம் பரிந்துரைக்கிறது.

எது துணிச்சல்?

மேலதிகாரியிடம் சண்டை போட்ட கதை துணிச்சலுக்கு உதாரணம் ஆகாது. புது அப்டேட் வெளியான இரவில் பேமென்ட் சிக்குகிறது, மேனேஜர் போனை எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். “பழைய வெர்ஷனுக்கு மாத்தினேன். காலையில திரும்ப ஏத்திக்கலாம். ஆனா காத்திருந்தா கஸ்டமர் பணம் மாட்டிக்கும். உடனே மேனேஜருக்குக் காரணத்தோட மெசேஜ் போட்டேன்.” இதில் முடிவு இருக்கிறது, ஆபத்தை எடைபோட்ட கணக்கும் இருக்கிறது.

தவறும் என்னுடையதே

வெற்றிக்கு மட்டும் ‘நான்’, தோல்விக்கு ‘நடந்துடுச்சு’ என்றால் அது ஓனர்ஷிப் இல்லை. “டெஸ்டிங்ல அதை விட்டது நான்தான். அடுத்த ரிலீஸ்லேர்ந்து செக்லிஸ்ட்ல சேர்த்துட்டேன்” என்பதே முழுமையான பதில்.

இதற்காக அடுத்தவர் உழைப்பைத் தனதாக்கத் தேவையில்லை. “கோடைச் சரிசெய்தது சக ஊழியர், மாத்தலாம்னு முடிவெடுத்தது நான்” என்று பிரித்துச் சொல்லலாம். மிகைப்படுத்தினால், “ஏன் வேற வழி யோசிக்கல?” என்ற அடுத்த கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

எளிய பயிற்சி ஒன்று: பதிலை எழுதி, ‘செய்தோம்’, ‘செய்யப்பட்டது’ என்று முடியும் இடங்களை அடிக்கோடிட வேண்டும். அவற்றில் எதையெல்லாம் பொய்யில்லாமல் ‘செய்தேன்’ என்று மாற்ற முடிகிறதோ, அதுதான் சொல்லவேண்டிய கதை. ஒன்றுமே மாறவில்லையா? வேறு சம்பவத்தைத் தேடுவதே நல்லது.