பி. ரம்லியின் இரண்டு வீடுகள்: காப்பாற்றியதால் நிலைத்தது

கோத்தா கோலா மூடா – ஒரு வீடு போனால் அதன் கதையும் சேர்ந்தே போய்விடும். 2004 சுனாமியைக் கண்ட இவ்வட்டார மக்களுக்கும், லயத்து வீடுகள் இடிக்கப்பட்டதைக் கண்ட தோட்ட மக்களுக்கும் இது தெரிந்த ஒன்று. அப்படிப் போய்விடாமல் காப்பாற்றப்பட்ட ஒரு வீடு அருகிலுள்ள பினாங்கில் இருக்கிறது. அது பி. ரம்லி பிறந்த வீடு.

1926-இல் அவருடைய தந்தையும் உறவினரும் கட்டிய சாதாரணப் பலகை வீடு அது. ரம்லி 1929 மார்ச் 22-இல் அங்குப் பிறந்தார். தேசிய ஆவணக் காப்பகம் அவ்வீட்டைச் சீரமைத்து, பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தது. வீடு இருக்கும் சாலைக்கும் இன்று அவர் பெயர்தான்.

அவர் கடைசியாக வாழ்ந்த வீடு கோலாலம்பூர், செத்தாப்பாக்கில் உள்ளது. 1964-இல் சிங்கப்பூரிலிருந்து திரும்பியபின் அவர் நடித்து இயக்கிய படங்கள் முன்போல் ஓடவில்லை. 1973 மே 29-இல், 44 வயதில், வறுமையில் காலமானார். 13 ஆண்டுகள் கழித்து, 1986-இல், அந்த வீடு நினைவகமானது. அவருடைய உடைமைகள், விருதுகள், நிழற்படங்கள், படச் சுவரொட்டிகள் அங்கு வைக்கப்பட்டுள்ளன. ‘டான் ஸ்ரீ’ விருதும் 1990-இல், மறைவுக்குப் பின்னரே வந்தது.

இந்தக் கதையில் நமக்கும் பங்குண்டு. 1948-இல் புக்கிட் மெர்தாஜாமில் ரம்லி பாடுவதைக் கேட்டு, அவரைச் சினிமாவுக்கு அழைத்தவர் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ். 1950-இல் ‘பக்தி’ படத்தில் அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன்.

ரம்லியின் பாடல்களைப் பாடத் தெரிந்த நம்மவர் பலருக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. தோட்டத்து மேடைகளில் நாடகம் போட்டவர்கள், மிருதங்கம் வாசித்தவர்கள், கூத்துக் கட்டியவர்கள் பெயர்களோ அவர்கள் குடும்பங்களுக்கு வெளியே அதிகம் தெரியாது. அவர்களுடைய நாடகப் பிரதிகளும் அழைப்பிதழ்களும் இன்னமும் பல வீடுகளின் பழைய டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன.

தேசிய ஆவணக் காப்பகம் தனிநபர்களின் ஆவணங்களையும் பெற்றுப் பாதுகாக்கிறது. வீடு மாறும்போது பெட்டியைக் குப்பையில் போடுவதற்கு முன், அதைத் திறந்து பார்ப்பது நல்லது. படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைக்கலாம். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.