போன வழியால திரும்புறதில்லை

"சூடடிக்கிற காலத்தில அம்மாவோட கருவாட்டுக் கடகம் தூக்கிக்கொண்டு போவம் தம்பி. விடியப் போனா பொழுதுபடத்தான் வருவம். போன வழியால திரும்புறதில்லை."

சல்லிக் கடற்கரையில் பாயில் விரித்திருந்த நெத்தலியைப் புரட்டிக்கொண்டே அந்த அம்மா சொன்ன இந்த மூன்று வசனங்கள்தான் என்னை நடக்க வைத்தன. எழுபதைத் தாண்டியவர். சிறுமியாக இருந்தபோது தாயோடு கரையை விட்டு உள்ளே வயல் ஊர்ப் பக்கம் போய், களத்துமேட்டில் கருவாட்டைக் கொடுத்து நெல் வாங்கி வந்திருக்கிறார். போகும்போது களப்போரமாக மேற்கே. வரும்போது நிலாவெளிக் கரைக்கு இறங்கி, கடலைப் பிடித்துக்கொண்டு தெற்கே. நெல் மூட்டையோடு ஏன் இப்படிச் சுற்றி வர வேண்டும் என்று கேட்டேன். "நடந்து பாருங்கோ, விளங்கும்" என்றார்.

பங்குனி பிறந்த வாரத்தில் நடந்தேன். ஏறத்தாழ இருபது கிலோமீற்றர், ஒரு முழுப் பகல். மழைக்காலம் ஓய்ந்து, கச்சான் காற்று இன்னும் எழும்பாத இடைவெளி அது. திருகோணமலைக் கரையில் வசந்தம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்த ஐந்தாறு வாரம்தான். வேம்பு பூத்திருக்கும். பெரும்போக நெல் அறுவடையாகிக்கொண்டிருக்கும். விடியற்புறம் தரையிலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று இறங்கும். பிற்பகலில் அதே காற்று கடலிலிருந்து திரும்பி வரும்.

சல்லியைத் தெரியாதவர்களுக்கு: திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிக்குப் போகும் வீதியில் சாம்பல்தீவில் கிழக்கே திரும்பினால் வரும் கடலோரக் கிராமம். உப்புவெளிக் கடற்கரையிலிருந்து பார்த்தால் பச்சை படர்ந்த பாறைகளுக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருக்கும். நடுவில் களப்பின் வாய் ஒன்று கடலுக்குள் திறக்கிறது. தோணியில் ஏறினால் சில நிமிடம், வீதியால் போனால் நாலு கிலோமீற்றர். கடலைத் தொட்டுக்கொண்டு முத்துமாரியம்மன் கோயில். பொங்கல் நாளில் மாவட்டம் முழுவதிலுமிருந்து சனம் வந்து சேரும் இடம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் இந்தக் கரை முழுவதையும் அடித்தது. இங்கே வயதைச் சொல்கிறவர்கள் இன்றும் "சுனாமிக்கு முன்னம்", "சுனாமிக்குப் பிறகு" என்றுதான் கணக்கு வைக்கிறார்கள். அதற்கும் முந்திய கணக்கு 1990. அந்த வருடம் போரில் இந்தப் பக்கத்துச் சனம் வீடுகளை விட்டு ஓடியது. அந்த அம்மா கடைசியாக அந்தச் சுற்றை நடந்தது அதற்கும் முன்னர்.

அம்மன் வாசலில் கும்பிட்டுவிட்டு ஐந்தரைக்குப் புறப்பட்டேன். சூரியன் எழும்ப இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. களப்போரம் வந்து சேரும்போது வெளிச்சம் வந்துவிட்டது. மாரியில் நிறைந்து கிடந்த தண்ணீர் பின்வாங்கத் தொடங்கியிருந்தது. தண்ணீர் விட்டுப்போன சேற்றின்மேல் உப்பு மெல்லிய வெள்ளைத் தோலாகப் படிந்திருந்தது. அதன் ஓரத்தில் உமரி. நீர் வற்ற வற்றச் சிவக்கும் செடி, பஞ்ச காலத்தில் பல குடும்பங்களுக்குக் கறியானது. கண்ணா மரங்களின் வேர்கள் சேற்றுக்கு வெளியே விரல் விரலாக நிமிர்ந்து நின்றன. ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தார்.

உள்ளான்களைப் பார்த்துக்கொண்டு அதிக நேரம் நின்றுவிட்டேன். நூற்றுக்கணக்கில், ஓயாமல் சேற்றைக் குத்திக்கொண்டு. வடக்கே வெகுதூரத்திலிருந்து, சில சைபீரியாவிலிருந்தே, மாரிக்காக வந்த பறவைகள் இவை. சித்திரைக்குள் பெரும்பாலானவை போய்விடும். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறப்பதற்கான கொழுப்பை இந்தச் சில வாரத்தில், இந்தச் சேற்றில்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவற்றுக்கும் இது சுற்றுப்பயணம்தான். போகும் வழியும் வரும் வழியும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் பல பறவைகளுக்கு இல்லை.

வீதியைக் கடந்தால் மணல் தோட்டங்கள். சின்ன வெங்காயத்தின் பச்சைத் தாள் வரிசை வரிசையாக நின்றது. தண்ணீர் இறைக்கும் மோட்டர்ச் சத்தம். மரமுந்திரிகையில் பூவும் பிஞ்சுமாக இருந்தது, வாசம் வழியெல்லாம் கூட வந்தது. இந்த இடத்தில்தான் அந்த அம்மா சொன்னதன் முதற்பாதி விளங்கியது. காலையில் மேற்கே நடந்தால் வெயில் முதுகில். கண் கூசாது, தலையில் இருக்கும் கடகத்தின் நிழல் முன்னே விழும். காற்றோ முகத்துக்கு நேரே, குளிர்ச்சியாக வருகிறது.

தோட்டங்கள் முடிந்ததும் வெளி தொடங்கியது.

இந்தக் கரையின் ஊர்ப் பெயர்களைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி. காடும் இல்லாத, வயலும் இல்லாத, வீடும் இல்லாத நிலத்துக்கு நம்மவர்கள் வைத்த பெயர் வெளி. இங்கிலாந்துக்காரர்கள் மூர் என்று சொல்வது காற்றும் புல்லும் புதரும் மட்டுமே உள்ள மேட்டு நிலத்தை. இலங்கையில் அதற்கு மிக நெருங்கியது ஹோட்டன் சமவெளி. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேலே, பனிப்புகாருக்குள் உலக முடிவு வரை போய்த் திரும்பும் ஒன்பது கிலோமீற்றர் அளவான சுற்றுப்பாதை. அதை நடக்க உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். எங்கள் வெளிக்கு அந்த உயரமோ குளிரோ இல்லை. சூரைப் பற்றை, ஈச்சம் பற்றை, இடையிடையே பாலையும் வீரையும், வெளுத்த புல், புல்லுக்குள் மாட்டுத் தடம். முதன்முதல் பார்ப்பவர் "ஒன்றும் இல்லாத காணி" என்றுதான் சொல்வார்.

அப்படிச் சொல்லித்தான் ஆங்கிலேயர் சட்டமும் எழுதினார்கள். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி காடும் தரிசும் பயிரிடாத நிலமும், வேறொருவருடையது என்று நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரிய காணி. மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பரவிய காலம் அது. ஆனால் சட்டம் முழுத் தீவுக்குமானது. 1897இல் தரிசு நிலங்களுக்கென்றே இன்னொரு கட்டளைச் சட்டம் வந்தது. மாடு மேய்த்ததற்கும் விறகு பொறுக்கியதற்கும் நடந்து போனதற்கும் உறுதி எழுதி வைத்திருப்பவர் யார்?

வெளியில் எனக்குத் துணை கிடைத்தது. அறுபது எழுபது மாடுகளோடு ஒரு பட்டிக்காரர். கையில் கம்பு, தோளில் தண்ணீர்ப் போத்தல், தலையில் துவாய். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். பெரியகுளத்துக்கு என்றேன். "நானும் அந்தப் பக்கந்தான். வாங்கோ" என்று முன்னால் நடந்தார். அவருடைய நடை வேகமாகத் தெரியவில்லை. ஆனால் ஒட்டிப் போக எனக்கு மூச்சு வாங்கியது.

"இது வெறுங்காணி எண்டு ஆர் சொன்னது தம்பி? வயல் விதைச்சாப் பிறகு மாடு எங்க நிக்கும்?"

அவர் கேட்டதுதான் முழு விஷயமும். இந்தப் பக்கத்து வயல்களுக்குப் பெரும்பாலும் வேலி கிடையாது. பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் விதைப்பு நாளோடு சேர்த்து மாடுகளை வயற்புறத்திலிருந்து அப்புறப்படுத்தும் நாளையும் முடிவு செய்வார்கள். அன்றிலிருந்து நாலு மாதம் பட்டிகள் வெளியிலும் காட்டோரத்திலும் நிற்கவேண்டும். அறுவடை முடிந்ததும் திரும்பி வந்து தாளை மேயும். மாட்டுக்குத் தீன், மண்ணுக்கு எரு. ஆகவே வெளி என்பது வயலின் மற்றப் பாதி. வெளியை அடைத்தால் மாடு வயலுக்குள் வரும். அதன் பிறகு பொலிஸ், வழக்கு, பகை. மாட்டுக்காரனும் வயற்காரனும் ஒருவரையொருவர் குற்றம் சொல்வார்கள். வேலி போட்டவரின் பெயர் பேச்சில் வராது.

நான் பார்த்த நாளில் வயல்களில் வெட்டு மெசின் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது சூடு வைப்பதும் இல்லை, இரவில் களத்தில் சூடடிப்பதும் இல்லை. வெட்டியதும் நெல் நேரே சாக்குக்குள் போகிறது. அறுத்து முடித்த பக்கத்தில் மாடுகள் ஏற்கெனவே பரவியிருந்தன, மாட்டுக்குப் பின்னால் கொக்குகள். ஆட்காட்டி ஒன்று தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. அதன் முட்டை எங்கோ பக்கத்தில் இருந்திருக்கவேண்டும். பட்டிக்காரர் எதுவும் சொல்லாமல் வழியை மாற்றி வளைந்து நடந்தார். மாடுகளும் அப்படியே வளைந்து போயின.

பதினொரு மணிக்குப் பெரியகுளத்துப் பக்கம் வெல்கம் விகாரை இடிபாடுகளுக்கு வந்தோம். தமிழர் நாதனார் கோயில் என்று சொல்லும் இடம். சோழர் காலத்தில் இதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். 1929இலும் 1953இலும் நடந்த அகழ்வில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் பல வெளிவந்தன. பௌத்தப் பள்ளிக்குத் தமிழர் செய்த கொடைகளைச் சொல்லும் கல்வெட்டுகள். இன்று மதத்தையும் மொழியையும் ஒன்றாகக் கட்டிவைத்துச் சண்டை பிடிப்பவர்கள் எல்லாரும் ஒரு தடவை இந்தக் கற்களுக்கு முன்னால் வந்து நிற்கவேண்டும் என்பது என் விருப்பம். என்னை அன்று அதைவிடப் பிடித்து நிறுத்தியது கொடையாகக் கொடுக்கப்பட்ட பொருள். விளக்குக்காகப் பசுக்கள் கொடுத்திருக்கிறார்கள். பசு இருந்தால் நெய், நெய் இருந்தால் விளக்கு. அந்தப் பசுக்கள் ஆயிரம் வருடத்துக்கு முன்னர் எங்கே மேய்ந்திருக்கும்? பட்டிக்காரரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. "இஞ்சதான் மேஞ்சிருக்கும். வேறெங்க புல்லு?" என்றார்.

குளக்கட்டில் மர நிழலில் சோற்றுப் பார்சலை அவிழ்த்தோம். அவர் எனக்குத் தயிர் தந்தார். நான் கொண்டுபோன கருவாட்டுப் பொரியலில் பாதி அவருக்கு. பிறகுதான் உறைத்தது: அந்த அம்மாவின் தாய் செய்த பண்டமாற்றைத்தான் நாங்களும் செய்திருக்கிறோம்.

இரண்டு மணிக்கு அவரை விட்டுக் கிழக்கே திரும்பினேன். அவர் சொல்லிவிட்ட பழைய வண்டிற்பாதை அரை மணி நேரம் நன்றாகப் போனது. பிறகு குறுக்கே புதிய முட்கம்பி. கொங்கிறீட் தூண்கள், உள்ளே ஒரு கட்டடமும் இல்லை, ஒரு பயிரும் இல்லை. யாருடையது என்று கேட்க ஆளும் இல்லை. வேலியோரமாக நடந்து, சூரை முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் சுற்றினேன். எனக்கு ஒரு சட்டை போனது, பரவாயில்லை. அறுபது மாட்டோடு வருகிறவர் என்ன செய்வார்?

வேலியோரம் நடக்கும்போது கிண்டர் ஸ்கௌட் என்ற மூர் நிலம் நினைவுக்கு வந்தது. 1932 ஏப்ரல் 24 அன்று இங்கிலாந்தின் டார்பிஷயரில் நானூறு பேர் அளவில், பெரும்பாலும் மான்செஸ்டர்ப் பக்கத்துத் தொழிலாளர், பென்னி ரொத்மன் என்ற இளைஞனின் பின்னால் அந்த மூர் நிலத்துக்குள் வேண்டுமென்றே அத்துமீறி நடந்தார்கள். பிரபுக்கள் பறவை வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த மலை அது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் பொதுப்பாதைகளுக்குமான சட்டம் வந்தது. 2000இல் வந்த இன்னொரு சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மூர் நிலங்களில் நடக்கும் உரிமையை எல்லோருக்கும் கொடுத்தது. அவர்கள் கேட்டது வார இறுதியில் காற்று வாங்க ஒரு வழி. நாங்கள் கேட்கவேண்டியது பிழைப்புக்கான வழி. அதற்காகவும் யாராவது ஒருநாள் இங்கே கூட்டமாக நடக்கவேண்டும்.

நிலாவெளிக் கரைக்கு இறங்கும்போது நாலு மணி. அடம்பன் கொடி ஊதாப் பூவோடு மணலை மூடிக் கிடந்தது. காய்ந்த இராவணன் மீசை உருண்டைகள் காற்றில் உருண்டு ஓடின. வடக்கே புறாமலைத் தீவு. 2003இல் தேசியப் பூங்காவான அந்தச் சின்னத் தீவைப் பார்த்து உல்லாசப் பயணிகளின் படகுகள் வரிசையில் நின்றன. நான் முதுகைக் காட்டித் தெற்கே நடந்தேன்.

அந்த அம்மா சொன்னதன் மறுபாதி இங்கே விளங்கியது. பிற்பகலில் கிழக்கே வரும்போதும் வெயில் முதுகில்தான். கரைக்கு வந்த பிறகு அலை நனைத்த மணல் இறுகிக் கிடக்கிறது. மூட்டையோடு நடந்தாலும் கால் புதையாது. கடற்காற்று பக்கத்திலிருந்து வீசுகிறது. அறிவு என்று நாம் எதையெல்லாமோ சொல்கிறோம். எழுத்துப் படிக்காத ஒரு தாய் சூரியனையும் காற்றையும் மணலையும் கணக்கில் எடுத்து வகுத்த பாதை இது.

வழியில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கயிற்றிலும் இருபது பேர் அளவில். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைப் பாடவில்லை. ஒருவர் மட்டும் தாளத்துக்குக் குரல் கொடுத்தார். மடி கரைக்கு வந்ததும் சூடையும் கொஞ்சம் பாரையும். என்னையும் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். கூலியாக ஒரு கை மீன் பையில் விழுந்தது.

சல்லிக்கு வந்து சேர ஆறரை. கோயிலில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். அந்த அம்மா பாயைச் சுருட்டி, கருவாட்டைக் கடகத்தில் அள்ளிக்கொண்டிருந்தார். நான் ஒரு குச்சியை எடுத்து, போய் வந்த வழியை மணலில் கீறிக் காட்டினேன். களப்பு, வெளி, குளம், வேலி, கரை. அவர் குனிந்து பார்த்தார். வேலி என்று நான் கீறிய கோட்டைக் காலால் அழித்துவிட்டு, பெருவிரலால் மணலில் வேறொரு கோடு இழுத்தார்.

"பாதை இப்பிடி நேரே வரும் தம்பி. இந்த இடத்தில ஒரு பாலை நிண்டது. அதுக்குக் கீழதான் அம்மா கடகத்தை இறக்கி வைப்பா."