நெல்லை யுனிவர்சிட்டியா, ஆறு லட்சம் லோனா? ஒரு ஆடிட்டர் கணக்கு

சங்கரன்கோவில்ல விசைத்தறி வச்சிருக்கிற கிளையண்ட் ஒருத்தர் போன வாரம் ஜிஎஸ்டி வேலையா ஆபீஸ் வந்தார். கிளம்பும்போது கேட்டார்: "சார், பாப்பா பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிச்சிட்டா. எம்.எஸ்சி.க்கு வெளியூர்ல ஒரு தனியார் யுனிவர்சிட்டி சொல்றாங்க, ஆறு லட்சம் லோன் போடணும். இல்லைன்னா நம்ம நெல்லை மனோன்மணியம் சுந்தரனார். எதுல சேர்க்கலாம்?"

பாப்பாவுக்கு எது பிடிக்கும்னு நான் சொல்ல முடியாது. கணக்கு பார்க்கச் சொல்லித் தரலாம்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். இந்தப் பல்கலைக்கழகம் 1990-ல் தொடங்கினது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்கள்ல இருக்கிற இணைப்புக் கல்லூரிகள்ல படிச்சாலும் டிகிரி இதே பேர்லதான் வரும். ஆனா பல்கலைக்கழகத்தோட நாக் கிரேடு அபிஷேகப்பட்டி வளாகத்துல இருக்கிற துறைகளை வச்சுக் கொடுத்தது. பக்கத்து ஊர்க் கல்லூரிக்குத் தனி நாக் உண்டு, இல்லாமலும் இருக்கலாம். நீங்க சேரப்போறது எதுல? அந்தக் கிரேடைப் பாருங்க. அதோட செல்லுபடி முடிஞ்சிருச்சான்னும் பாருங்க.

அடுத்தது, நான் பேலன்ஸ் ஷீட் மாதிரி படிக்கிற ஆவணம்: என்ஐஆர்எஃப் பிடிஎஃப். இந்த மத்திய அரசு ரேங்கிங்ல கலந்துக்கிற நிறுவனங்கள் கொடுத்த விவரத்தைத் தங்களோட வெப்சைட்ல போட்டிருக்கணும். ரேங்க்கை விட்டுட்டு, 'பி.ஜி. 2 வருடம்' அட்டவணைக்குப் போங்க. எத்தனை பேர் குறித்த காலத்துல முடிச்சாங்க, எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேல்படிப்புக்குப் போனாங்க, மீடியன் சம்பளம் என்னன்னு மூணு வருஷத்துக்கு இருக்கும்.

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. சும்மா ஒரு கணக்கு: 300 பேர் முடிச்சு, 60 பேருக்கு வேலை, மீடியன் 2.4 லட்சம்னு வைங்க. அந்த 2.4 லட்சம் 300 பேரோட கணக்கு இல்லை, வேலை கிடைச்ச 60 பேரோடது மட்டும். அதுலயும் பாதிப் பேருக்கு மாசம் 20,000-க்கு மேல கிடையாது. இன்னொண்ணு, இது எல்லா பி.ஜி. துறைக்கும் சேர்த்த எண். கெமிஸ்ட்ரிக்கு மட்டும் எவ்வளவுன்னு துறையிலேயே போய்த்தான் கேட்கணும். தனியார் யுனிவர்சிட்டிக்கும் இதே பிடிஎஃப்பை எடுத்துப் பக்கத்துல வைங்க. விளம்பர போர்டுல இருக்கிற 'அதிகபட்ச பேக்கேஜ்' ஒரே ஒரு மாணவரோட சம்பளம்.

இப்ப லோன். வருஷத்துக்கு மூணு லட்சமா ஆறு லட்சம், வட்டி 10%. படிக்கிற ரெண்டு வருஷம், அப்புறம் ஒரு வருஷம் இஎம்ஐ இல்லை. ஆனா வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். தனி வட்டியா போட்டாலே ஒன்றரை லட்சம். ஏழரை லட்சத்தை ஏழு வருஷத்துல அடைச்சா மாசம் சுமார் 12,450. சம்பளம் இருபதாயிரம்னா கையில மிச்சம் எவ்வளவு? 80இ வரிச்சலுகை இருக்கேன்னு சொல்வாங்க. அது வட்டிக்கு மட்டும், பழைய வரி முறையில மட்டும். இந்தச் சம்பளத்துக்கு வரியே வராது, சலுகையை வச்சு என்ன பண்றது?

லோன் எடுத்தே ஆகணும்னா, 2024 நவம்பர்ல ஒப்புதல் ஆன பிஎம் வித்யாலக்ஷ்மி பட்டியல்ல அந்த நிறுவனம் இருக்கான்னு பாருங்க. இருந்தா பிணையோ ஜாமீனோ கேட்க மாட்டாங்க. குடும்ப வருமானம் எட்டு லட்சம் வரைன்னா, 10 லட்சம் வரையான லோனுக்கு, இஎம்ஐ தொடங்கும் வரை 3% வட்டி மானியம் கேட்கலாம்.

அரசுப் பல்கலைக்கழகம்னாலே நல்லதுன்னும் நான் சொல்ல வரலை. ஃபீஸ் குறைவா இருந்து, பாடம் எடுக்க ஆளும் லேபும் இல்லைன்னா அந்த ரெண்டு வருஷமும் செலவுதான். துறையில நிரந்தரப் பேராசிரியர் எத்தனை பேர், கெஸ்ட் லெக்சரர் எத்தனை பேர்? போன பேட்ச் ரிசல்ட் எப்ப வந்தது? லேப் கருவிகள் ஓடுதா? சீனியர்கள் யாராவது நெட், கேட் பாஸ் பண்ணியிருக்காங்களா?

இந்தக் கேள்விகளை அவருக்கு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை பாப்பாவையும் கூட்டிக்கிட்டு அபிஷேகப்பட்டி போறாராம். தனியார் யுனிவர்சிட்டிக்கு அட்வான்ஸ் கட்டுறதை அதுவரைக்கும் நிறுத்தி வச்சிருக்கார்.