உங்களுக்குத் தெரியுமா? – மார்கழியில் ஒரு தலைநகர் உலா

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் மூடியதும் குடும்பத்தோடு டெல்லிக்கும் ஆக்ராவுக்கும் ரயில் ஏறுகிறவர்கள் உண்டு. செங்கோட்டையும் குதுப்மினாரும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு பழைய தலைநகரம் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து 28 கிலோமீட்டர். திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். நாயக்கர்கள் அரசிருந்த ஊர். மராட்டியர்கள் தங்கள் மலைநாட்டை ஔரங்கசீப்பிடம் இழந்து தவித்தபோது அவர்களுடைய அரசுக்கே தலைநகராக இருந்த ஊர். செஞ்சிக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் இந்தக் குளிரில் போய்வர நினைப்பவர்களுக்காக இந்தத் துணுக்குகள்.

★ நிக்கோலாஸ் பிமென்டா என்ற ஏசு சபைப் பாதிரியார் 1597ஆம் ஆண்டு வாக்கில் செஞ்சிக்கு வந்தார். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களிலேயே பெரியது இதுதான், போர்த்துகல் நாட்டிலும் லிஸ்பன் ஒன்றைத் தவிர இதைவிடப் பெரிய நகரம் கிடையாது என்று எழுதிவைத்தார். இன்று அந்த நகரத்தின் தெருக்கள் இருந்த இடத்தில் பெரும்பாலும் வயலும் முட்புதரும்தான். கோட்டைக்குள் நடக்கும்போது இந்த ஒரு செய்தி நினைவில் இருந்தால், பார்க்கிற ஒவ்வொரு கல்லும் வேறு மாதிரி தெரியும்.

★ செஞ்சிக் கோட்டை ஒரு மலை மேல் உள்ள கோட்டை அல்ல. மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி என்று மூன்று மலைகள். ஒவ்வொன்றும் தனிக் கோட்டை. மூன்றையும் இணைத்து ஓடும் மதிலின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். மதிலை ஒட்டி 80 அடி அகல அகழி. ஒரு மலை எதிரி கைக்குப் போனாலும் மற்ற இரண்டிலிருந்து சண்டையைத் தொடரலாம் என்பதுதான் இதன் கணக்கு. ஆங்கிலேயர்கள் இதைக் கிழக்கின் டிராய் நகரம் என்றார்கள்.

★ ஏன் மார்கழி, தை? செஞ்சி மலைகள் உருண்டைக் கருங்கற்களை அடுக்கி வைத்தது போன்றவை. சித்திரையில் அந்தக் கல் காலை பத்து மணிக்கே சுடத் தொடங்கிவிடும். நிழலுக்கு மரம் குறைவு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு வந்தால் ஆனைக்குளம், செட்டிக்குளம், சக்கரக்குளம் மூன்றிலும் தண்ணீர் நிற்கும், காற்றும் குளிர்ந்திருக்கும். ராஜகிரி உச்சி சுமார் 800 அடி. விடிந்ததும் ஏறத் தொடங்குங்கள். பிற்பகலில் தாமதமாக வருகிறவர்களை மேலே விடுவதில்லை. குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள். தின்பண்டப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள், குரங்குகள் நிறைய.

★ ராஜகிரி உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும். அகலம் சுமார் 24 அடி, ஆழம் சுமார் 60 அடி. இயற்கையாக இருந்த பிளவை இன்னும் ஆழமாக வெட்டி, மேலே ஒரு மரப்பாலம் போட்டிருந்தார்கள். பாலத்தை இழுத்துக்கொண்டால் பத்துப் பேர் ஒரு படையையே தடுத்து நிறுத்தலாம் என்பார்கள். அதைக் கடந்து மேலே போனால் தானியக் களஞ்சியம், ரங்கநாதர் கோயில், ஒரு பெரிய பீரங்கி. அங்கிருந்து பார்த்தால் மூன்று மலைகளும் மதிலும் ஒரு வரைபடம் போல விரியும்.

★ அடிவாரத்தில் கூர்நுனிக் கோபுரத்தோடு அடுக்கடுக்காக உயர்ந்து நிற்பது கல்யாண மகால். அரண்மனைப் பெண்கள் இருந்த இடம் என்பார்கள். அதன் மேல் அடுக்கு வரைக்கும் சுட்டமண் குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். பக்கத்திலேயே களஞ்சியங்கள், குதிரை லாயம், உடற்பயிற்சிக் கூடம்.

★ 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை பிடித்தபோது செஞ்சியின் பெயர் பாத்ஷாபாத். 1698இல் முகலாயர் பிடித்தபோது நுஸ்ரத்கட். ஆண்டவர்கள் எந்தப் பெயரை வைத்தாலும் ஊர்க்காரர்கள் செஞ்சி என்றே சொல்லிவந்தார்கள், அதுவே நின்றது.

★ சிவாஜி 1677இல் தெற்கே படையெடுத்து வந்து செஞ்சியைப் பிடித்தார். ராய்கட்டிலிருந்து இவ்வளவு தொலைவில் ஒரு கோட்டை எதற்கு? பதில் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. சிவாஜியும் மறைந்து, மகன் சம்பாஜியை 1689இல் ஔரங்கசீப் கொன்றபோது மராட்டிய அரசு முடிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். இளைய மகன் ராஜாராமுக்கு வயது பத்தொன்பது. அவர் பன்ஹாலா கோட்டையிலிருந்து மாறுவேடத்தில் புறப்பட்டு, முகலாய ஒற்றர்களின் கண்ணில் மண்ணைத் தூவி, கர்நாடகத்துக் கெளதி அரசி சென்னம்மாவின் உதவியோடு தப்பி, அந்த ஆண்டுக் கடைசியில் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அப்பா பிடித்துவைத்த கோட்டை மகனுக்குத் தலைநகரமானது. சஹ்யாத்ரி மலைகளில் சண்டை போட்ட தளபதிகளுக்கு ஆணைகள் இந்த விழுப்புரம் மண்ணிலிருந்து போயின. ராஜாராம் தப்பிவந்த அந்தப் பயணத்தைக் கேசவ பண்டிதர் சமஸ்கிருதத்தில் காவியமாகவே பாடினார். 1690இல் முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் கோட்டையை வளைத்தார். முற்றுகை ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் இழுத்தது.

★ அந்த எட்டு ஆண்டுகளில் மழையும் ஒரு கை கொடுத்தது. 1692இல் ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டித் தீர்த்தபோது முகலாயப் பாசறைக்குத் தானியம் வருவது நின்றது. சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரண்டு மராட்டியத் தளபதிகளின் குதிரைப்படை வெளியிலிருந்து வந்து தாக்கியது. பாசறையில் ஔரங்கசீப் இறந்துவிட்டார் என்று வதந்தி. பாதுஷாவின் கடைசி மகன் காம்பக்ஷ் மராட்டியரோடு ரகசியமாகப் பேசினார் என்று சொல்லி, ஜுல்பிகர் கானும் அவருடைய தந்தை அசத் கானும் அந்த இளவரசரையே காவலில் வைத்தார்கள். கடைசியில் முற்றுகையை விட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. 1698இன் தொடக்கத்தில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் அங்கே இல்லை. முன்பே தப்பிப் போய்விட்டார். இதை நான் பெரிதாக நினைப்பதற்குக் காரணம் உண்டு. இந்த எட்டு ஆண்டு அவகாசம் கிடைத்திருக்காவிட்டால் மராட்டிய அரசு மறுபடி தலையெடுத்திருக்குமா என்பதே சந்தேகம். மகாராஷ்டிரத்துப் பாடப்புத்தகம் படித்த பிள்ளைக்கு ஜிஞ்சி என்றால் தெரியும். நம் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும்.

★ கடலூர்ப் பக்கத்துக் குண்டு கிராமங்களுக்கும் செஞ்சிக்கும் தொடர்பு உண்டு. 1690இல் செஞ்சியில் இருந்த ராஜாராமின் அரசிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரைக்கும் உள்ள ஊர்களும் விற்பனையில் அடக்கம் என்பது பேச்சு. நாலாபக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களெல்லாம் கம்பெனிக்குப் போயின. அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை.

★ தேசிங்கு ராஜன் தமிழர் அல்ல, புந்தேல்கண்டத்து ராஜபுத்திரர். உண்மைப் பெயர் தேஜ் சிங். முகலாயர்கள் செஞ்சிக் கோட்டைக்குத் தலைவராக வைத்த சரூப் சிங்கின் மகன். தந்தை 1714இல் இறந்ததும் இங்கே வந்து பொறுப்பேற்றார். கப்பப் பாக்கியைக் கட்டு என்றார் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான். முடியாது என்றார் தேசிங்கு. 1714 அக்டோபர் 3ஆம் தேதி, சில நூறு குதிரை வீரர்களோடு நவாபின் பெரும்படையை எதிர்த்து நின்று இறந்தார். அவர் ஆண்டது பத்து மாதம்கூட முழுதாக இல்லை. வயது இருபத்திரண்டு என்பார்கள். அவருக்காக மணப்பந்தலிலிருந்து எழுந்து போர்க்களத்துக்கு வந்து உயிரை விட்டவன் ஒரு முஸ்லிம் நண்பன் என்று கதைப்பாடல் சொல்கிறது. எங்கிருந்தோ வந்த ஒரு வடநாட்டு இளைஞனையும் அவனுடைய நண்பனையும் குதிரையையும் தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் முந்நூறு ஆண்டுகளாக நம் ஊர் மக்கள் தங்கள் பிள்ளைகளாக வைத்துப் பாடுகிறார்கள். எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ 1960இல் வந்தது. தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப் அமைத்த ஊர்தான் ராணிப்பேட்டை என்பது வழிவழியாக வரும் செய்தி.

★ செஞ்சியிலிருந்து சில கிலோமீட்டரில் சிங்கவரம். பாறையைக் குடைந்த பல்லவர் காலக் கோயிலில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். முகம் சற்றே திரும்பியிருக்கும். இன்று போருக்குப் போகாதே என்று சொல்லியும் தேசிங்கு கேளாததால் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பார்கள் ஊரில். சிற்பம் தேசிங்குக்குப் பல நூற்றாண்டு மூத்தது. ஆனாலும் அந்த மரணத்தை ஊர் எவ்வளவு தாங்கமாட்டாமல் இருந்தது என்பதற்கு இந்தக் கதையே சான்று.

★ செஞ்சிக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்று. பெரிய பாறை முகத்தில் பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள். அங்கே உள்ள கல்வெட்டு, சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்ததைச் சொல்கிறது. எழுத்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்தைக் காட்டும் கல்வெட்டு அது. தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இயங்கும் மேல்சித்தாமூரும் இந்தப் பக்கம்தான்.

★ விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த கோயில், தமிழ்நாட்டுக் கோயில் கட்டடக் கலையில் ஒரு திருப்பம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இவை இல்லாமல் பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்ததாக அங்கே அவன் கல்வெட்டு பொறித்திருக்கிறான். புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் இதை ஆய்வுலகத்துக்கு எடுத்துச் சொன்னார். வாயிலில் நிற்கும் துவாரபாலகர்கள் முன் சிறிது நேரம் நில்லுங்கள். தளவானூரிலும் மகேந்திரன் குடைந்த கோயில் உண்டு. பனமலையில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய கோயிலில் குடையின் கீழ் நிற்கும் உமையின் ஓவியம் சிதைந்த நிலையிலும் மிச்சமிருக்கிறது. பல்லவர் ஓவியம் என்று காட்ட நம்மிடம் இருப்பவை மிகச் சில. தயவுசெய்து சுவரைத் தொடாதீர்கள்.

★ விக்கிரவாண்டிப் பக்கத்து எண்ணாயிரத்தில் ராஜேந்திர சோழன் காலத்தில் ஒரு கல்லூரி நடந்தது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். வேதமும் இலக்கணமும் மீமாம்சையும் வேதாந்தமும் பாடங்கள். மாணவர்களுக்குச் சாப்பாட்டுக்கு நெல், ஆசிரியர்களுக்குச் சம்பள நெல் என்று எல்லாக் கணக்கும் கோயில் சுவரில் இன்றும் கல்வெட்டாக இருக்கிறது.

★ திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில் திருவக்கரை. வக்ரகாளி கோயிலுக்குப் போகிறவர்கள் பலர் அருகிலேயே இருக்கும் தேசியக் கல்மரப் பூங்காவைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகி, உருவம் மாறாமல் கிடக்கின்றன. வேரும் கிளையும் இல்லாத வெறும் அடிமரங்கள் என்பதால், வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு இங்கே புதைந்தவை என்கிறார்கள் புவியியலாளர்கள். ஐரோப்பிய இயற்கையியலாளர் சொன்னரா 1781இலேயே இவற்றைக் குறிப்பிட்டிருக்கிறார்.

★ புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் சிற்பத் தூண்கள் எங்கிருந்து வந்தவை தெரியுமா? செஞ்சியிலிருந்து. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை ஓர் இரவில் கோட்டையைப் பிடித்தது; 1761 வரை அது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. தூண்கள் அப்படித்தான் இடம்பெயர்ந்தன. அவற்றோடு படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு அவை எங்கிருந்து வந்தவை என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

★ 2025 ஜூலையில் பாரிசில் கூடிய யுனெஸ்கோ குழு, மராட்டியப் போர்க் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது செஞ்சி.

★ செஞ்சிக்கு இன்னும் ரயில் கிடையாது. திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். ஒரு நாள் முழுதும் ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும். இரண்டாம் நாள் சிங்கவரம், திருநாதர்குன்று, மேல்சித்தாமூர். மூன்றாம் நாள் இருந்தால் விழுப்புரத்தில் தங்கி மண்டகப்பட்டு, தளவானூர், பனமலை, எண்ணாயிரம். திருவக்கரையைப் புதுச்சேரி போகும் வழியில் வைத்துக்கொள்ளலாம். பறவை பார்க்கும் ஆர்வம் இருந்தால் மரக்காணம் பக்கத்துக் கழுவெளிக்கும் போங்கள். 2024இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம் அது, தை மாதம் வரைக்கும் வெளிநாட்டுப் பறவைகள் இருக்கும்.