வலிக்காத நோயும் சராசரிக் கணக்கும்

ஈறு நோயை முதுமையின் உடன்பிறப்பாகவே பலரும் எண்ணுகிறோம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நடந்த ஆய்வு வேறுவிதமாகச் சொல்கிறது. நார்வே நாட்டுப் பல் மருத்துவ அறிஞர் ஹரால்ட் லோவின் குழு, 1970 முதல் 1985 வரை தமிழ்த் தொழிலாளர்களின் பற்களைப் பரிசோதித்தது. தொடக்கத்தில் அவர்கள் 480 ஆண்கள். வயது 14 முதல் 31. இறுதிவரை எஞ்சியோர் 161 பேர்.

பல் மருத்துவம் அவர்களுக்கு எட்டியதே இல்லை. இந்த அறிவு உலகுக்குக் கிடைத்ததும் அதனால்தான் என்பது உறுத்துகிறது. அனைவர் பற்களிலும் காரை, ஏறத்தாழ எல்லா ஈறுகளிலும் அழற்சி. ஆயினும், சுமார் 8 விழுக்காட்டினருக்கே பல்லின் பிடிமானம் விரைந்து அழிந்தது. 81 விழுக்காட்டினருக்கு அழிவு மிதமானது. எஞ்சிய 11 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சியோடு நின்றுவிட்டது. முதல் பிரிவினர் 35 வயதிலேயே சராசரியாக 9 மி.மீ. பிடிமானத்தை இழந்திருந்தனர், கடைசிப் பிரிவினரின் இழப்பு 1 மி.மீ.கூட இல்லை.

பொருளியல் கற்பித்தவன் நான். மொத்தச் சராசரி மட்டும் பார்த்திருந்தால் அந்த 8 விழுக்காடு மறைந்தே போயிருக்கும். மேலும், இந்நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காத நோய்க்குச் சந்தையில் தேவை எழுவதில்லை. துலக்கும்போது கசியும் இரத்தமே இருபது வயதில் வரும் அறிவிப்பு. பல் ஆடத் தொடங்கியபின் மருத்துவரிடம் போனால், கரைந்த எலும்பு பெரும்பாலும் மீள்வதில்லை. கல்லூரி மருத்துவ முகாம்களில் கண்ணையும் இரத்த அழுத்தத்தையும் பார்ப்பவர்கள், ஈற்றின் ஆழத்தை அளக்கும் அந்தச் சிறு கம்பியையும் எடுத்து வரலாம்.