ரோமப் படையைத் திருப்பி அனுப்பிய பாலைவனம்

பண்டைய பேரரசுகள் ஓர் எல்லையோடு நின்றுபோனதற்கு எதிரியின் வாள்தான் காரணம் என்று எண்ணுகிறோம். பல நேரங்களில் தண்ணீரும் தீவனமுமே அந்த எல்லையை வகுத்தன.

திருக்குர்ஆனின் 34வது அத்தியாயத்திற்குப் பெயர் தந்த சபா நாடு யமனில் இருந்தது. சாம்பிராணி வணிகத்தில் செழித்த அந்தப் பகுதியைப் பிடிக்க, கி.மு. 26 வாக்கில் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் படை அனுப்பினார். எகிப்தின் ஆளுநர் ஏலியஸ் காலஸ் தலைமையில் சுமார் 10,000 பேர் செங்கடல் வழியே கிளம்பினர். வழியிலேயே பல கப்பல்கள் அழிந்தன. கரை இறங்கியதும் நோய் தாக்க, படை மாதக்கணக்கில் அங்கேயே முடங்கியது.

பிறகு ஒட்டகங்களில் தண்ணீர் சுமந்து தெற்கே நடந்தனர். சுமக்கும் விலங்குக்கும் தீனி வேண்டும். வழியில் அது கிடைக்காவிட்டால், தூரம் கூடக்கூடச் சுமையின் பெரும்பங்கு அதற்கே போய்விடும். சிறிய வணிகக் கூட்டத்துக்குப் போதுமான கிணறு, ஒரு பெரும்படைக்கு எப்படிப் போதும்?

ஆறு மாதம் நடந்து, மஃரிப் என்று கருதப்படும் நகரை முற்றுகையிட்டனர். ஆறே நாளில் தண்ணீரின்றித் திரும்பினர். போரில் இறந்தவர்கள் ஏழு பேர்தான் என்கிறார் காலஸின் நண்பரான ஸ்டிராபோ. மற்றவர்களைப் பசியும் நோயும் களைப்பும் கொண்டுபோயின.

வழிகாட்டி ஏமாற்றினான் என்றும் அவர் பழி சொல்கிறார். திரும்பும் பயணம் 60 நாட்களில் முடிந்ததால் அதில் உண்மை இருக்கலாம். ஆனால் பாதையையும் கிணற்றையும் அந்நியரிடம் கேட்டு நடக்க வேண்டிய நிலையில்தான் அந்த வல்லரசின் படை இருந்தது. அதன் பலவீனம் அங்கேயே தொடங்கிவிட்டது.