வில்லுக்கத்தியின் அலகு விலகினால்

முல்லைத்தீவுக் கரையிலே வலைக்கயிறு அறுப்பவர்க்கும், கிளிநொச்சியிலே பனையோலை வாருபவர்க்கும், வவுனியாவில் திண்ணையிலிருந்து பாக்குச் சீவும் முதியவர்க்கும் பொதுவான கருவியொன்று உண்டு. மடக்கினால் மடிக்குள் அடங்கும். விரித்தால் வேலைக்கு உதவும். அதுவே வில்லுக்கத்தி.

நாட்பட்ட கத்தியில் அலகு நடுவே இறங்காமல், ஒரு பக்கம் சாய்ந்து உள்தகட்டிலே உராய்வதுண்டு. உராயும் அலகு கூர் மழுங்கும். ஆடும் அலகோ விரலைப் பதம் பார்க்கும். ‘நெருப்பிலே காய்ச்சி இரண்டு தட்டுத் தட்டினால் நேராகிவிடும்’ என்று எண்ணுவோர் உளர். அவ்வாறு செய்தல் பெருந்தவறாகும். உருக்கைச் செந்தணலாகக் காய்ச்சித் தோய்த்து, பின்னர் ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில் பதப்படுத்தியே அலகுக்கு வன்மை ஊட்டப்படுகிறது. மீண்டும் அதனைச் சிவக்கக் காய்ச்சினால் அவ்வன்மை நீங்கிவிடும். அலகு நேராகலாம், கத்தி கத்தியாக இராது.

ஆகவே, முதலிற் செய்யவேண்டியது பழுதின் காரணத்தை அறிதலாகும். கத்தியை விரித்து, பிடியின் இடுக்கிலுள்ள தூசியையும் காய்ந்த பிசினையும் ஈர்க்குச்சியால் அகற்றுக. தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விட்டுப் பலமுறை விரித்து மடக்குக. தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுபிசுப்பாகிவிடுமாதலால் அது வேண்டா. பல கத்திகள் இவ்வளவிலேயே சீராகிவிடும்.

சீராகாவிடின், அலகின் முதுகைப் பிடித்து இடமும் வலமும் மெல்ல அசைத்துப் பார்க்க. அசைந்தால், குற்றம் அலகிலன்று, அதனைத் தாங்கும் ஆணியிலே உள்ளது. ஆணியின் ஒரு தலையை இரும்புக் கட்டையின்மேல் இருத்தி, மறுதலையைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுக. இரண்டு மூன்று தட்டுக்கு ஒருமுறை அலகை அசைத்துப் பார்த்தல் வேண்டும். மிகையாகத் தட்டினால் அலகு இறுகி அசையாது நின்றுவிடும்.

ஆணி உறுதியாயிருந்தும் அலகு உராய்ந்தால், கத்தியை விரித்து, முதுகுப்புறமாக வெளிச்சத்தில் நோக்குக. அலகு நேராயிருப்பின், வளைந்தது உள்தகடாக இருக்கலாம். அலகே வளைந்திருப்பின், தகரமூடியை நெம்பியது போன்ற தகாத வேலை காரணமாகலாம்.

ஈரலகுக் கத்தியை உடையோர் இங்கே சற்று நிதானித்தல் நன்று. கத்தித் தொழிலுக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில், அத்தொழிலாளர் சங்கம் 1624ஆம் ஆண்டிலேயே பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பெற்றது. அத்தகைய தேர்ந்த கைவினைஞர், இரண்டு அலகுகள் ஒன்றையொன்று தொடாமல் ஒரே பிடியில் அடங்கும்பொருட்டு, அவற்றை அடிப்பாகத்தில் வேண்டுமென்றே சிறிது வளைத்து அமைப்பர். அவ்வளைவைக் குற்றமென்று கருதி நிமிர்த்தினால், இல்லாத உராய்வை நாமே உண்டாக்கியவர்களாவோம்.

வளைவு உண்மையான பழுதே எனின், கூரைத் தடித்த துணியால் சுற்றிக் கட்டுக. அலகின் அடிப்பாகத்தை மரத்துண்டுகளுக்கிடையே இறுக்கி, எதிர்ப்பக்கமாகக் கையால் மெல்ல அழுத்துக. உருக்கு மீளும் இயல்பினது. ஆதலின் சிறுகச் சிறுக அழுத்திப் பார்த்தல் வேண்டும். சுத்தியலால் அடித்தலாகாது. வன்மையான அலகு முறிந்தால் அதனை ஒட்டவைக்க வழியில்லை. ஐயமிருப்பின், அனுபவமுள்ள கம்மியரிடம் கொடுத்தலே அறிவுடைமை. ‘நெருப்பிலிட வேண்டா’ என்று சொல்லிக் கொடுத்தல் இன்னும் நன்று.

2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின்போது வன்னி மக்கள் வீடு வாசலையும் கருவிகளையும் விட்டுப் பெயர்ந்தனர். வெறுங்கையுடன் மீண்டு வாழ்வைத் தொடங்கிய குடும்பத்தில், தந்தையின் மடியிலிருந்து தப்பிவந்த ஒரு கத்தி சிறு பொருளன்று. அதனைக் கையிலெடுப்பவர் சுத்தியலைத் தேடுமுன் ஈர்க்குச்சியையும் எண்ணெயையும் தேடுவாராக.